கப்பல் கேபின் டிவியில் நம் படங்களைப் பார்க்க முடியுமா?

2024 மே 3 (கேள்வி)

வரும் ஜூலையில் சியாட்டிலிலிருந்து ஏழு இரவு அலாஸ்கா கப்பல் பயணம் போகிறோம். எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா உடன் வருகிறார்கள். இரவு உணவு முடிந்தபின் கப்பலில் நடக்கும் ஆட்டம் பாட்டங்களில் அவர்களுக்கு விருப்பம் இல்லை. பென்டிரைவில் பத்துப் பழைய தமிழ்ப் படங்களைப் போட்டுக்கொண்டு போனால் போதும், கேபின் டிவியில் செருகினால் ஓடிவிடும் என்று நண்பர் உறுதியாகச் சொல்கிறார். நம்பலாமா?

2024 மே 4

அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சில கப்பல்களில் ஓடவும் செய்யும். ஆனால் ஓடாவிட்டால் நடுக்கடலில் போய் எதையும் வாங்க முடியாது.

2022 ஜூனில் இதே வழித்தடத்தில் அப்பா அம்மாவை அழைத்துப் போனேன். அப்போது நானும் 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் பதினொரு படங்களைப் போட்டு எடுத்துச் சென்றேன். கூடவே, தாத்தாவின் சதாபிஷேகத்தை 1991-இல் எடுத்த வீடியோ கேசட்டைக் கடையில் கொடுத்துக் கோப்பாக மாற்றி வாங்கியதும் அதில் இருந்தது. டிவியின் பின்பக்கம் கைவிட்டுத் தடவியதில் யூஎஸ்பி துளை அகப்பட்டது. செருகியதும் பென்டிரைவின் சின்ன நீல விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. கப்பலின் வரவேற்புச் சேனல் அதே இசையோடு ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து, தலையணையைச் சரிசெய்துகொண்டு, படம் வரும் வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

காரணம் பிறகுதான் விளங்கியது. கப்பல் அறைகளில் மாட்டுபவை பெரும்பாலும் தங்கும் விடுதிகளுக்கென்றே செய்யப்படும் டிவிகள். அவற்றில் ‘ஓட்டல் மோடு’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டால் டிவி போட்டவுடன் குறிப்பிட்ட சேனல்தான் வரும், ஒலி ஓர் அளவுக்கு மேல் ஏறாது, உள்ளீட்டை, அதாவது எந்தத் துளையிலிருந்து படம் வர வேண்டும் என்பதை, மாற்றும் வசதி பூட்டப்பட்டிருக்கும். யூஎஸ்பி துளையைப் படம் ஓட்டாதபடி முடக்கி வைக்கவும் முடியும். என் பென்டிரைவுக்கு மின்சாரம் போய் விளக்கு எரிந்ததும் கோப்புகள் தெரியாமல் போனதும் அதனால்தான். ரிமோட்டைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். சேனல், ஒலி, கப்பல் தகவல் ஆகியவற்றுக்கான பொத்தான்கள் மட்டுமே இருந்து, ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பொத்தானே இல்லையென்றால் அது பூட்டிய டிவி என்று எடுத்துக்கொள்ளலாம்.

2024 மே 4, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால் வழியே இல்லை என்பது போல் இருக்கிறது. அப்படியில்லை.

மூன்றாம் நாள் எங்களுக்கு வழி கிடைத்தது. டிவியின் கீழ்விளிம்பில், நிறுவனத்தின் சின்னத்துக்கு நேர் பின்னால், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் சிறு பட்டியல் ஒன்று திரையில் வந்தது, அதில் எச்டிஎம்ஐ 2 இருந்தது (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுவரும் துளை). ரிமோட்டைப் பூட்டியவர்கள் அந்தப் பொத்தானைப் பூட்டவில்லை. மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளை இழுத்துச் செருகியதும் படம் வந்துவிட்டது. யூஎஸ்பி திறக்காத டிவியிலும் எச்டிஎம்ஐ திறந்திருக்கலாம் என்பது அன்று கற்றது.

ஆகவே முதல் நாள் கப்பலில் ஏறிப் பெட்டிகள் வந்து சேருவதற்கு முன்பே, கைப்பையில் வைத்திருக்கும் கேபிளால் இதைச் சோதித்துவிடுங்கள். கப்பல் கரையில் நிற்கும்போதே தெரிந்தால், தொழில்நுட்பப் பணியாளரை அனுப்பச் சொல்லி வரவேற்பு மேசையில் கேட்கவும் நேரம் இருக்கும்.

கேபிள் மூன்று மீட்டர் இருக்கட்டும். நான் கொண்டுபோனது ஒன்றரை மீட்டர். மடிக்கணினியைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் செங்குத்தாக நிறுத்தி, விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே முழுப் படத்தையும் ஓட்டினேன். கேபிளின் முனை மெல்லியதாக இருக்க வேண்டும். டிவிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம்தான் இருக்கும், தடித்த முனையுள்ள கேபிள் திரும்பாது. எல் வடிவத்தில் வளைந்த சின்ன இணைப்பி ஒன்று கூட இருந்தால் நல்லது.

சதாபிஷேகப் பதிவையும் அன்றே ஓட்டினோம். அந்த டிவி படத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டியதால் எல்லோர் முகமும் அகன்று தெரிந்தது. ரிமோட்டில் காட்சி விகிதத்தை மாற்றும் பொத்தானும் இல்லை. “இது எங்க அத்தை முகமே இல்லடா” என்று அம்மா சொல்லிவிட்டார்.

2024 மே 6

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: கேபிள் எதற்கு, டிவியில் செருகும் காஸ்டிங் குச்சி ஒன்றைக் கொண்டுபோனால் தொலைபேசியிலிருந்தே அனுப்பலாமே?

வீட்டில் நடக்கும், கப்பலில் பெரும்பாலும் நடக்காது. அந்தக் குச்சியும் தொலைபேசியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கப்பல் வைஃபையில் நுழைய, அறை எண்ணும் பெயரும் கொடுக்கும் உள்நுழைவுப் பக்கம் ஒன்று திறக்கும். பல குச்சிகளால் அந்தப் பக்கத்தைத் திறக்க இயலாது. எப்படியாவது நுழைத்துவிட்டாலும், பாதுகாப்புக்காகப் பொது வைஃபைகளில் ஒரு கருவியின் கண்ணுக்கு இன்னொரு கருவி தெரியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். ஆக, இரண்டும் ஒரே அறையில் இருந்தும் ஒன்றையொன்று காணாது. இதற்குத் தீர்வாக, அறைக்குள் நமக்கென்று தனி வைஃபை உண்டாக்கும் சிறிய பயண ரவுட்டரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் சில கப்பல் நிறுவனங்கள் ரவுட்டரையே தடை செய்யப்பட்ட பொருள்களில் சேர்த்திருக்கின்றன. சோதனையின்போது எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். உங்கள் நிறுவனத்தின் பட்டியலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாமே என்பதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2022-இல் எங்கள் கப்பலில் இருந்த இணையம் பழைய வகைச் செயற்கைக்கோள் வழியாக வந்தது. அவ்வகைக் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோ இருப்பது 58 பாகை வட அட்சத்தில். அங்கிருந்து பார்த்தால் நேர் தெற்கே நிற்கும் கோள்கூட அடிவானத்துக்கு மேல் 25 பாகையைத் தொடாது. இருபுறமும் மலை எழும்பும் குறுகிய நீர்வழியில் கப்பல் நுழைந்ததும் மலை அந்தக் கோட்டை மறைத்துவிடும். படம் அப்படியே உறைந்து நிற்கும், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது நிலைமை மாறிவருகிறது. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் இணையத்தைத் தன் கப்பல்களில் பொருத்தப்போவதாக ராயல் கரிபியன் குழுமம் 2022 ஆகஸ்டில் அறிவித்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்கள் இரண்டாம் முறை போனபோது ஊரிலிருக்கும் தங்கையிடம் வீடியோவில் தடையின்றிப் பேச முடிந்தது. அப்படியிருந்தும் படங்களைக் கையோடு கொண்டுபோவதையே விரும்புகிறேன். வேகமான இணையத்துக்கு ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அப்பா பார்க்க விரும்பும் படம் அன்றிரவு அந்தத் தளத்தில் இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

2024 மே 7

மடிக்கணினி இல்லாதவர்கள் தொலைபேசியையே எச்டிஎம்ஐயில் இணைக்கலாமா என்று கேட்டவருக்கு, டைப்-சி துளை இருந்தால் போதும் என்று நேற்று தனியாகப் பதில் எழுதியிருந்தேன். அது தவறு. அவர் அதை நம்பி இணைப்பி வாங்குவதற்குள் திருத்திவிட வேண்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா டைப்-சி துளையிலிருந்தும் படம் வெளியே வராது. டிஸ்ப்ளேபோர்ட் என்னும் வசதி அந்தத் தொலைபேசிக்குள் இருக்க வேண்டும். சாம்சங்கின் விலை உயர்ந்த எஸ் வரிசையில் 2017-இல் வந்த எஸ்8 முதல் அது இருக்கிறது. ஏ வரிசையில் பெரும்பாலானவற்றில் இல்லை. ஐபோனில் 2023-இல் வந்த 15 முதல் டைப்-சி உண்டு, படமும் வரும். அதற்கு முந்தைய ஐபோன்களுக்கு லைட்னிங் துளைக்கான தனி இணைப்பி வேண்டும். அதை வாங்கும்போது ஆப்பிளின் சொந்த இணைப்பியையே வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு விலையில் கிடைத்த ஒன்றை என் மனைவி வாங்கிவந்தார். நாங்கள் எடுத்த வீடியோக்களை அது காட்டியது. ஆனால் ஸ்ட்ரீமிங் செயலியில் இறக்கி வைத்திருந்த படத்தை ஓட்டியபோது வசனம் கேட்டது, திரை கறுப்பாகவே இருந்தது.

அந்தக் கறுப்புத் திரைக்குக் காரணம் எச்டிசிபி என்னும் நகல் தடுப்புப் பூட்டு. செயலி, இணைப்பி, டிவி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சரியாகக் கைகுலுக்கினால்தான் உரிமம் பெற்ற படம் திரைக்கு வரும். நடுவில் ஒன்று பிசகினாலும் வராது. கேபிள் பழுது, டிவி பழுது என்று நினைத்து வீணாக அலைய வேண்டாம்.

2024 மே 8

செயலிகளில் இறக்கி வைக்கும் படங்களைப் பற்றி விட்டுப்போன ஒன்று. இறக்கியவை என்றைக்கும் நம்மிடம் இருப்பவை அல்ல. பல படங்கள், ஓட்டத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். திரும்பத் திறக்க இணையம் கேட்கும். அம்மா முதல் நாள் பாதி பார்த்துவிட்டு உறக்கம் வந்து நிறுத்திய படத்தை நான்காம் நாள் திறந்தபோது திறக்கவில்லை. பாதியில் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, காசு கொடுத்து வாங்கிய பழைய டிவிடிகளிலிருந்தும் வீட்டுக் கேசட்டுகளிலிருந்தும் வரும் சொந்தக் கோப்புகளே நிம்மதி.

அந்தக் கோப்புகளை எச்.264 எம்பி4 வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். பழைய கேசட் பதிவுகளில் யாராவது கையசைத்தால் விளிம்பில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியுமே, அவற்றை நீக்கும் வசதியும் அதில் உண்டு. பென்டிரைவும் ஒன்று கூட இருக்கட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் திறக்கும். அது எஃப்ஏடி32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை ஏற்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒலிப்பதிவு டிடிஎஸ் வகையில் இருந்தாலும் பல டிவிகளில் படம் ஓடும், சத்தம் வராது. ஏஏசிக்கு மாற்றிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

2024 மே 11

மின்சாரம். இதைப் பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளாதவர்கள் பொருளைப் பறிகொடுக்கிறார்கள்.

கேபினில் மேசைக்கு அருகே ஒன்றிரண்டு ப்ளக் பாயின்ட்தான் இருக்கும். அமெரிக்க வகை 110 வோல்ட் ஒன்று, பக்கத்தில் ஐரோப்பிய வகை 220 வோல்ட் ஒன்று என்பது வழக்கம். அப்பாவின் காது கேட்கும் கருவிக்குச் சார்ஜர், அம்மாவின் தொலைபேசி, மடிக்கணினி என்று எல்லாம் வரிசையில் நிற்கும்போது, வீட்டில் பயன்படுத்தும் ஸ்பைக் பஸ்டர் பலகையைக் கொண்டுபோகத்தான் தோன்றும். கொண்டுபோகாதீர்கள். மின்னழுத்தம் திடீரென்று எகிறுவதைத் தடுக்கும் அமைப்பு உள்ள இத்தகைய பலகைகளைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. வெறும் விதிக்காக வைத்த விதி அல்ல அது. வீட்டில் ஒரு கம்பியில்தான் மின்னழுத்தம் இருக்கும், இன்னொன்று நிலத்தோடு இணைந்தது. கப்பலின் மின்னமைப்பில் இரண்டு கம்பிகளிலுமே உயிர் இருக்கும். வீட்டுக்காகச் செய்த பலகை ஒரு கம்பியை மட்டும் துண்டித்துவிட்டு, மற்றொன்றில் மின்சாரம் ஓட விட்டுச் சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-இல் இதற்கென்றே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. நடுக்கடலில் தீ என்றால் ஓட இடமில்லை.

அந்தத் தடுப்பு அமைப்பு இல்லாத சாதாரண யூஎஸ்பி சார்ஜர், நான்கு துளையோடு, போதுமானது. நீட்டிப்பு வயரையும் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. மடிக்கணினியை மாலையிலேயே முழுவதும் சார்ஜ் செய்துவிட்டால் படம் ஓடும்போது வயர் தேவைப்படாது.

2024 மே 12

ஒலி. 2022 பயணத்தின்போது அப்பாவுக்கு 78 வயது, இடது காது ஏறத்தாழக் கேட்காது. ஓட்டல் மோடு டிவியின் ஒலி ஓர் அளவில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏற்ற முடிந்திருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன், பக்கத்து அறையில் இருமினால் எங்களுக்குக் கேட்டது. சிறிய ப்ளூடூத் ஒலிபெருக்கியை அவருடைய தலையணைக்கு அருகே, வலது காதுப்பக்கம் வைத்தேன். குறைந்த ஒலியிலேயே அவருக்கு வசனம் தெளிவாகக் கேட்டது. ஆனால் உதடு அசைந்து கொஞ்ச நேரம் கழித்துச் சொல் வந்தது. மடிக்கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜே, கே விசைகளை அழுத்தி ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஜே விசையை நாலைந்து முறை அழுத்தியதும் உதடும் சொல்லும் சேர்ந்தன. அடுத்த பயணத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் ஒலி வயர் ஒன்றை வாங்கி வைத்தேன். வயரில் தாமதமே இல்லை.

2024 மே 19

மே 4 இரவு எழுதியதில் ஒரு திருத்தமும், சொல்லாமல் விட்ட ஒன்றும்.

திருத்தம் முதலில். சதாபிஷேகப் பதிவை அந்த டிவிதான் இழுத்துக் காட்டியது என்று எழுதியிருந்தேன். நேற்று வீட்டு மடிக்கணினியில் அதே கோப்பைத் திறந்து பார்த்தேன், இங்கேயும் முகங்கள் அகன்றே தெரிகின்றன. கேசட்டின் பதிவு 4:3 விகிதம். கடைக்காரர் மாற்றும்போது 16:9 சட்டத்தை நிரப்ப வேண்டும் என்று இழுத்துவிட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக டிவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். விஎல்சியில் ஏ விசையை அழுத்திக்கொண்டே போனால் விகிதம் மாறும். 4:3 வந்ததும் பாட்டியின் முகம் ஒடுங்கி, எனக்குத் தெரிந்த பாட்டியாக ஆனது. மூக்குத்திகூட வட்டமாகிவிட்டது. கடையில் மாற்றி வாங்கும் எவரும் கோப்பை வீட்டுக்கு எடுத்து வருவதற்கு முன்பே ஒருமுறை ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

சொல்லாமல் விட்டது: முதல் பயணத்துக்குப் பின் எல்லா டிவிக்கும் பொருந்தும் பொது ரிமோட் ஒன்றை வாங்கினேன். 2023 பயணத்தில் அதைக் கொண்டு டிவியின் உள்ளமைப்புப் பட்டியலுக்குள் போகும் வழியையும் படித்து வைத்திருந்தேன். ஓட்டல் மோடையே அணைத்துவிடலாம் என்பது எண்ணம். கடைசியில் அதைச் செய்யவில்லை, செய்யவும் வேண்டாம் என்கிறேன். டிவியில் ஏற்கெனவே இருக்கும் பொத்தானை அழுத்தி உள்ளீட்டை மாற்றுவதில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. பூட்டிய உள்ளமைப்பைத் திறப்பது வேறு. அதில் கை தவறினால் கப்பலின் சேனல் வரிசையே அழிந்துபோகலாம். அந்தச் சேனல்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் இருப்பவை அல்ல. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபின், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டு 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020-க்குப் பிறகு சில நிறுவனங்களில், அந்தப் பயிற்சியின் வீடியோவை அறை டிவியிலேயே பார்க்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. நமக்குப் பின் அந்த அறைக்கு வரும் முதியவர் உயிர்காப்பு உடையை அணியும் முறையை அந்தப் பெட்டியில்தான் பார்ப்பார். அதைக் கெடுத்து வைத்துவிட்டு இறங்கிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அதே காரணத்தால், டிவியின் பின்னே ஏற்கெனவே செருகியிருக்கும் கப்பலின் கேபிளைப் பிடுங்காதீர்கள். காலியாக உள்ள துளையை மட்டும் பயன்படுத்துங்கள். கடைசி நாள் உள்ளீட்டைப் பழையபடி மாற்றி, கப்பல் சேனல் வருகிறதா என்று பார்த்துவிட்டு அறையை விடுங்கள்.

2024 மே 20

“அப்படியானால் 2023-இல் என்ன செய்தீர்கள்?” என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதை எழுதத்தான் இருந்தேன்.

அந்தக் கப்பலின் டிவி முழுவதும் பூட்டியது. கீழ்விளிம்புப் பொத்தான் ஆன், ஆஃப் மட்டும் செய்தது. அறைப் பணியாளர் இந்தோனேசியர், அப்பாவைத் தினமும் கைபிடித்து நாற்காலியில் அமர்த்திவிட்டுப் போகும் மனிதர். அவரிடம் கேட்டதும் தொழில்நுட்பப் பணியாளரை அழைத்து வந்தார். வந்தவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, திறக்கத் தனக்கு அனுமதி இல்லை என்று சொன்னார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

இரண்டாம் இரவு திறந்த கடலில் கப்பல் ஆடியதில் அம்மாவுக்குக் குமட்டல். மருந்து கொடுத்துப் படுக்க வைத்தாயிற்று. கண்ணை மூடினால் இன்னும் சுற்றுகிறது, எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால் தேவலை என்றார். கையடக்கமான பேட்டரி ப்ரொஜெக்டர் ஒன்றைச் சந்தேகத்தோடுதான் எடுத்து வந்திருந்தேன், ஏறத்தாழத் தண்ணீர்ச் சொம்பு அளவு. கேபின் சுவரில் வெளிர் மரக்கோடுகள் போல் ஓர் ஓவியம், அதன்மேல் படம் விழுந்தால் எல்லா முகத்திலும் மரக்கோடு ஓடியது. அப்போது அப்பாதான் தன் பெட்டியிலிருந்து நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கப்பல் கேபினின் சுவர் மரம் போலத் தோன்றினாலும் மரம் அல்ல. தீப்பிடிக்காத வகையில், பெரும்பாலும் இருபுறமும் எஃகுத் தகடும் நடுவே கனிமக் கம்பளியும் வைத்துச் செய்த பலகைகள் அவை. ஆகவே காந்தம் ஒட்டும். தொப்பி, துண்டு மாட்டுவதற்காக நான் எடுத்துப் போயிருந்த காந்தக் கொக்கிகள் நான்கினால் வேட்டியின் மேல்விளிம்பைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினேன். கரையை மேலே விட்டு மடித்துத் தொங்கவிட்டதும் சுமார் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வெள்ளைத் திரை தயார். பெட்டியில் மடித்து வைத்த தடம் குறுக்கே ஒரு கோடாகத் தெரிந்தது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு அந்த ஆவியில் வேட்டியைப் பிடித்து நீவி மறுபடியும் மாட்டினோம். ப்ரொஜெக்டரை மேசைமேல் ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் வைத்ததும் அறுபது அங்குலப் படம் விழுந்தது. சுவரிலிருந்த டிவியைவிடப் பெரிது.

உள்பக்க அறை என்பதால் சன்னல் இல்லை, விளக்கை அணைத்தால் முழு இருட்டு. அலாஸ்காவின் கோடையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளியே வெளிச்சம் இருக்கும். பால்கனி அறை எடுத்தவர்கள் கனத்த திரையை நன்றாக இழுத்து மூட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் இவ்வளவு சின்னக் கருவியின் வெளிச்சம் போதாது. வாங்கும்போது பெட்டியில் அச்சடித்திருக்கும் ஆயிரக்கணக்கான லூமன் எண்களை நம்பாதீர்கள். பொதுத் தர முறைப்படி அளந்த வெளிச்சமான ‘ஆன்சி லூமன்’ எவ்வளவு என்று கேளுங்கள். என்னுடையது 200, இருட்டறைக்குப் போதும். பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகத் தடை இல்லை. நாங்கள் போன கப்பலின் தடைப் பட்டியலிலும் ப்ரொஜெக்டர் இல்லை. உங்களுடையதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கப்பல் ஆடும்போது வேட்டியின் கீழ்விளிம்பு சற்றே அசைந்தது. அதோடு படமும் அலையடித்தது. குமட்டல் கூடிவிடுமோ என்று பயந்து, கீழ் மூலைகளில் அப்பாவின் செருப்புகளை வைத்து அழுத்தினேன். அம்மா ஒன்றரை மணி நேரம் பார்த்தார். பிறகு அப்படியே உறங்கிவிட்டார்.

2024 மே 21

இத்தனையும் எழுதியபின் என் பதில் மாறிவிட்டது. முன்பெல்லாம் டிவியை எப்படித் திறப்பது என்பதிலேயே என் யோசனை சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது கேட்டால், டிவியை எதிர்பார்க்காமல் கிளம்புங்கள் என்பேன். மடிக்கணினியோ நல்ல டேப்லெட்டோ எப்படியும் ஓடும். கேபிள் இருந்து டிவியும் திறந்தால் வசதி. ப்ரொஜெக்டர் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், அதற்காகக் கடன் படத் தேவையில்லை. பன்னிரண்டு அங்குல டேப்லெட்டைக் கட்டிலின் மேல் இருவருக்கும் நடுவே நிறுத்திவைத்தாலும் இருவர் பார்க்கலாம்.

2024 ஜூலை 29

கேள்வி கேட்டவர் பயணம் முடிந்து எழுதியிருக்கிறார். யூஎஸ்பி திறக்கவில்லை. எச்டிஎம்ஐ திறந்தது, மூன்று மீட்டர் கேபிள் சரியாகப் போதுமானதாக இருந்ததாம். அம்மா நான்கு படங்கள் பார்த்திருக்கிறார். அப்பா ஒரு படம்கூட முழுவதும் பார்க்கவில்லை. கப்பலின் முகப்பில் பொருத்திய கேமரா காட்டும் சேனல் ஒன்று டிவியில் இருந்திருக்கிறது. முன்னால் தண்ணீர் மட்டும் தெரியும், மூலையில் கப்பல் எங்கே போகிறது என்ற வரைபடம் இருக்கும். அவர் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாராம். பனிப்பாறை விரிகுடாவில் நுழைந்த காலையில், பால்கனியில் நின்று நேரிலே பார்த்துவிட்டு, உள்ளே ஓடி வந்து அதே பாறை டிவியிலும் வந்துவிட்டதா என்று சரிபார்த்திருக்கிறார்.

அந்தச் சேனலைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. என் அப்பாவும் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்பது இதைப் படித்தபின்தான் நினைவுக்கு வந்தது. எச்டிஎம்ஐக்கு மாற்றி நம் படத்தை ஓட்டும்போது அந்தச் சேனல் மறைந்துவிடும் என்பதால், எப்போது எது வேண்டும் என்று வயதானவர்களைக் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். ரிமோட்டில் இல்லாத பொத்தானை அவர்களால் தாங்களாக அழுத்தித் திரும்பிப் போக இயலாது. டிவியின் அடியில் கைவிட்டு அழுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

2024 ஆகஸ்ட் 2

ஒரு திருத்தம். மே 20 அன்று வேட்டியை நான்கு கொக்கிகளால் மாட்டியதாக எழுதியிருந்தேன். நேற்று அம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். நான்கு போட்டபோது நடுவில் தொய்ந்து படத்தின் நடுப்பகுதி மங்கலாக இருந்ததாம். படுத்தபடியே, கதவுக்குப் பின்னால் இருந்த இரண்டையும் எடுத்து நடுவில் போடச் சொன்னது தாம்தான் என்கிறார். அவர் சொன்னபின் எனக்கும் நினைவு வருகிறது. ஆறு வாங்கிக்கொள்ளுங்கள்.